காய்ச்சலைச் சொன்னவரைத் தண்டிக்காதீங்க!



போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. நாற்பது செகண்ட்தான் இருக்கும். மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊரின் பெயரைச் சொல்லி, "அங்க மர்மக் காய்ச்சல் பரவுது, அந்த ஊர்க்காரங்களைக் கடைக்குள்ள விடாதீங்க, பஸ்ஸுல பக்கத்துல உட்கார விடாதீங்க" என்று ஒரு குரல். பேசியது யார், எப்போது பேசியது, எந்த டாக்டர் சொன்னார், ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் நம்ம தோழர்களே அதை ஆறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒரு எச்சரிக்கைக்காகத்தான் அனுப்பினேன் ப்ரோ" என்றார் ஒருவர்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏன்னா அதே வேலையை நானும் செய்தவன்தான்.

2020 மார்ச். நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஹாஸ்டலை மூடிட்டாங்க, மேலப்பாளையத்துக்கு வீட்டுக்கு வந்துட்டேன். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் பட்டியல்னு ஒரு பிடிஎஃப் வந்தது. பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தது. யோசிக்கவே இல்லை, மூணு குரூப்புக்குத் தட்டிவிட்டேன். ஊருக்கு நல்லது செய்ததா ஒரு நினைப்பு வேற.

அப்புறம் மார்ச் 31 வந்தது. அன்றைக்கு ஒரே நாளில் தமிழ்நாட்டில் 57 பேருக்குத் தொற்று உறுதி. அதில் 50 பேர் டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் மட்டும் 22 பேர். மேலப்பாளையத்துக்குள் வரும் வழிகள் அடைக்கப்பட்டன. ராத்திரிக்குள் எங்க ஊர்ப் பெயரே ஒரு நோயின் பெயராகிவிட்டது. இந்தத் தடவை பட்டியலில் இருந்தது எங்க தெரு. நான் அனுப்பிய அதே மாதிரி பிடிஎஃப், அதே மாதிரி கதவு எண்கள். போன் அடித்தால் எடுக்கப் பயம். எடுத்தால் திட்டு.

நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எங்க அடுத்த வீட்டு மாமி பீடி சுத்துறவங்க. ஏப்ரலில் அவங்களுக்குக் காய்ச்சல். கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் அக்கா வாசலில் நின்று "யாருக்காச்சும் காய்ச்சல், இருமல் இருக்கா?" என்று கேட்டார். மாமி நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் சுகமா இருக்கோம்" என்றார். எங்க உம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாங்களும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் வேன் வரும், தெருவே வேடிக்கை பார்க்கும், போட்டோ எடுப்பான், நாளைக்கு அது பத்து குரூப்பில் ஓடும். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வீடு அது. இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தால், பொய் சொல்வதுதான் அவங்களுக்குப் பாதுகாப்பு.

நாலைந்து நாள் கழித்து முடியாமல் போய், ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். முகவரி கேட்டதும் உள்ளேயே விடவில்லை. கடைசியில் அந்தக் கணக்கெடுப்பு அக்கா மூணாவது தடவை வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் அன்றைக்குக் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. திண்ணையில் தள்ளி உட்கார்ந்து, "பீடிக்கடை மூடிட்டாங்களே, இலை, தூள் இல்லாம எப்படி மாமி சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார். மாமி அழுதுவிட்டார். டெஸ்ட் எடுத்தார்கள். கொரோனா இல்லை, டைபாய்டு. ஆரம்பத்திலேயே போயிருந்தால் மாத்திரையில் சரியாகியிருக்கும். தாமதமானதால் ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி.

கொரோனா வராமலேயே கொரோனா பயத்தால் செத்துப் பிழைத்தார்கள் அவர்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியது வைரஸ் இல்லை தோழர்களே. நாம் அனுப்பிய பிடிஎஃப்.

படித்த படிப்பை வைத்து ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு சர்வரில் பிழை வந்தால் லாக் எழுதும். பிழை எழுதுகிற ஒவ்வொரு தடவையும் அந்த சர்வரையே பிடுங்கி எறிந்தால், அடுத்தவன் லாக் எழுதுவதையே நிறுத்திவிடுவான். ஸ்கிரீன் சுத்தமாக இருக்கும். உள்ளே எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். தொற்றுநோய்க் கட்டுப்பாடும் அப்படித்தான். முதல் காய்ச்சலை முதல் நாளே யாரோ ஒருத்தர் சொல்ல வேண்டும். சொல்கிறவரைத் தண்டித்தால் ரெண்டாவது ஆள் சொல்ல மாட்டார்.

இது நானாகச் சொல்வது இல்லை. வரலாறு முழுக்க இதுதான்.

1897. பம்பாய் மாகாணத்தில் பிளேக். வெள்ளைக்கார அரசு தொற்றுநோய்கள் சட்டம் கொண்டுவந்தது. பூனாவில் சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பிச் சோதனை போட்டது. பெண்கள், வயசானவர்கள், பூஜை அறை, எதையும் பார்க்கவில்லை. மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், பிணங்களையும் ஒளித்தார்கள். ஆத்திரம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்ட் அந்த வருஷம் ஜூனில் சுடப்பட்டார். பிளேக் அதோடு நின்றுவிடவில்லை. பல வருஷம் இந்தியாவைச் சுற்றி வந்தது.

இதற்கு நேர் எதிரான கதை பெரியம்மை. 1970-களில் நம் நாட்டில் பெரியம்மையை ஒழித்தது எப்படி? எல்லாருக்கும் ஊசி போட்டு மட்டும் இல்லை. பணியாளர்கள் அம்மை வந்த ஆளின் படத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, சந்தை சந்தையாகப் போனார்கள். "இந்த மாதிரி யாருக்காச்சும் வந்திருக்கா?" என்று கேட்டார்கள். தகவல் சொல்கிறவருக்குப் பரிசு அறிவித்தார்கள். கவனியுங்கள், சொன்னவருக்குப் பரிசு! தகவல் வந்ததும் அந்த வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் மட்டும் வளைத்துத் தடுப்பூசி போட்டார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

இன்னொன்று எபோலா. 2013 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், காட்டை ஒட்டிய மெலியாந்து என்ற குக்கிராமத்தில் ஆரம்பித்தது. அது எபோலாதான் என்று கண்டுபிடிக்கவே 2014 மார்ச் ஆகிவிட்டது. மூணு மாசம்! அதற்குள் அது எல்லை தாண்டிப் போய்விட்டது. கடைசிக் கணக்கு 28,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள், 11,300-க்கும் மேற்பட்ட சாவுகள். நடுவில் வொமே என்ற ஊரில் விழிப்புணர்வுக்குப் போன குழுவில் எட்டுப் பேரை ஊர் மக்களே கொன்றார்கள். வெளியிலிருந்து வருகிறவன்தான் நோயைக் கொண்டுவருகிறான் என்று நம்பியிருக்கிறார்கள். நிலைமை மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம், இறந்தவரை அடக்கம் செய்யும் முறையை மாற்றியது. அதுவரை கவச உடை போட்டவர்கள் உடலைப் பையில் சுற்றி எடுத்துப் போய்விடுவார்கள். பிறகு குடும்பத்தார் தூரத்தில் நின்று பார்க்கவும், தங்கள் முறைப்படி பிரார்த்தனை செய்யவும் இடம் கொடுத்தார்கள். அப்புறம் பிணத்தை ஒளிப்பது குறைந்தது.

சரி, ஆப்பிரிக்கா தூரம். நம்ம தாமிரபரணிக் கரைக்கு வருவோம்.

பாபநாசம் மலையில் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற ஊர்கள். இஞ்சிக்குழிக்குப் போக வேண்டும் என்றால் காரையாறு அணையைப் படகில் தாண்டி, அப்புறம் காட்டுக்குள் நடக்கணும். அங்கே ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் கொடுக்க ஒரு அஞ்சல் ஊழியர் படகிலும் நடையிலும் போய் வந்த செய்தியை நீங்கள் எல்லாரும் ஷேர் செய்திருப்பீர்கள். நானும் செய்தேன், ஹார்ட்டின் போட்டேன். ஆனால் ஒரு கேள்வியை அன்றைக்கு நாம் கேட்கவில்லை. அங்கே ஒரு குழந்தைக்கு ராத்திரி ஜுரம் வந்தால்?

மலையிலும் மலையடிவாரத்திலும் உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் ஆரம்பிக்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் ஆளைக் கொல்லும். ஆனால் சரியான நேரத்தில் டாக்டர் கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் மாதிரி விலை குறைந்த மாத்திரை போதும். பெரிய மெஷின் வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம். கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், அதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அந்தப் பொருக்கு எங்கே இருக்கும்? பெரும்பாலும் அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, இடுப்பில். ஒரு மலைக்கிராமத்துப் பெண் அதை யாரிடம் காட்டுவார்? முகாமுக்கு ஜீப்பில் வந்து, செல்ஃபி எடுத்து, ரெண்டு மணி நேரத்தில் இறங்கிப் போகிற குழுவிடமா? வருஷக்கணக்காகத் தன் பிரசவத்துக்கும் பிள்ளையின் தடுப்பூசிக்கும் வந்து போகிற, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற செவிலியரிடம்தான் காட்டுவார். நம்பிக்கை என்பது மேடைப் பேச்சு இல்லை தோழர்களே, அது உயிர் காக்கும் பரிசோதனைக் கருவி.

தொலைவு என்றால் கிலோமீட்டர் மட்டும் என்று நினைக்காதீங்க. 2012-ஐ ஞாபகம் இருக்கா? அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். அன்றைய நெல்லை மாவட்டத்தில், குறிப்பாகக் கடையநல்லூரில், டெங்கு ஆட்டிப் படைத்தது. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க அரசுக் கணக்குப்படியே 12,826 பேருக்கு டெங்கு, 66 சாவு. கடையநல்லூர் காடும் இல்லை, மலையும் இல்லை. பஸ் போகிறது, ரயில் போகிறது. அங்கே ஏன் அவ்வளவு?

டெங்கு கொசு சாக்கடையில் வளர்வது இல்லை. நல்ல தண்ணீரில் வளரும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை மாசக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் மக்கள் என்ன செய்வார்கள்? டிரம், தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். எங்க வீட்டிலேயே மூணு டிரம் இருக்கு. பக்கத்தில் வற்றாத ஜீவநதி, வீட்டுக்குள் டிரம்மில் கொசுப்புழு! கொசு மருந்து அடிக்கிற புகையைப் போட்டோ எடுத்துப் போடுவதோடு முடித்துக்கொண்டால், அடுத்த வருஷமும் அதே போட்டோதான் போட வேண்டும். 2017-இல் மாநிலத்தில் மறுபடி 23,294 பேர், 65 சாவு.

டெங்கு பற்றி ஒரு விஷயத்தை மட்டும் உங்க வீட்டில் கட்டாயம் சொல்லுங்க. காய்ச்சல் விட்டுவிட்டது, அப்பாடா என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூணாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு குறையும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போடக் கூடாது, சில வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

இங்கே சில தோழர்கள் கேட்பார்கள்: "அப்போ தடுப்பே போடக் கூடாதா? தனிமைப்படுத்தக் கூடாதா? எல்லாரையும் கெஞ்சிக்கொண்டே இருக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. தடுப்பு வேண்டும். தனிமைப்படுத்தல் வேண்டும். சில நேரம் கண்டிப்பும் வேண்டும். நம்ம மக்களுக்கு இது புதுசும் இல்லை. அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவோம். அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டோம், அந்த வீட்டார் விசேஷங்களுக்கு வர மாட்டார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கிற ஊரில் அது வந்தால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு, எங்க ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, ஒதுங்கி இருக்க மக்களுக்குத் தெரியும்.

ஆனால் வேப்பிலை கட்டின வீட்டை யாரும் வசை பாடுவது இல்லை. "ஆத்தா வந்திருக்கா" என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இளநீரும் பழமும் வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஒதுங்கி இருப்பதற்கும் ஒதுக்கி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அடைத்த தெருவுக்குள் அரிசி, பால், மாத்திரை, இழந்த கூலி வந்தால் மக்கள் தாங்களே வீட்டில் இருப்பார்கள். வெறும் தகரம் மட்டும் வந்தால் பின்பக்கச் சந்து வழியாகப் போவார்கள். தினக்கூலிக்காரரை "14 நாள் வீட்டில் இரு" என்று சொல்லிவிட்டுக் கூலியைப் பற்றிப் பேசாமல் போவது கட்டுப்பாடு இல்லை, பட்டினி.

எங்க ஊரைத் திட்டியவர்களுக்கு ஒன்றே ஒன்று. அதே 2020-இல், குணமான பிறகு டெல்லியில் மற்ற நோயாளிகளுக்காகப் பிளாஸ்மா கொடுக்க வரிசையில் வந்தவர்களில் அந்த மாநாட்டுக்குப் போனவர்களும் இருந்தார்கள். ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் மேல் போட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்களைப் பலிகடா ஆக்கியதைக் கண்டித்தது. சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யவிடாமல் கும்பல் கல்லெறிந்ததும் அதே ஏப்ரலில்தான். அவர் எந்த மாநாட்டுக்கும் போனவர் இல்லை. உயிர் காக்கிற டாக்டர். பயத்தைக் கிளப்பிவிட்டால் அது மதம் பார்த்தும் நிற்காது, வேலை பார்த்தும் நிற்காது.

ஆகவே, ஆட்சியில் யார் இருந்தாலும், நாளைக்கு நாமே இருந்தாலும், கேட்க வேண்டியவை இவை:

1. மலைக் குடியிருப்புகளுக்கும் எஸ்டேட் பகுதிகளுக்கும் நிரந்தரச் செவிலியர். மாசத்துக்கு ஒரு ஆள் மாற்றாமல், அதே ஆள் சில வருஷமாவது இருக்க வேண்டும். காலிப் பணியிடத்தை வைத்துக்கொண்டு முகாம் நடத்துவது கணக்கில் சேராது.

2. "மர்மக் காய்ச்சல்" என்ற வார்த்தைக்கு முடிவு கட்டணும். மர்மம் காய்ச்சலில் இல்லை, டெஸ்ட் எடுக்காததில் இருக்கிறது. எந்த ஊரில் ரத்தம் எடுத்தாலும் எத்தனை மணி நேரத்தில் முடிவு வரும் என்று அறிவித்து, அதை அந்தக் குடும்பத்துக்கு முதலில் சொல்ல வேண்டும்.

3. தனிமைப்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி ஈடு, வாசலில் ரேஷன். கேட்டு வாங்குவதாக இருக்கக் கூடாது, உத்தரவோடு சேர்ந்தே வர வேண்டும்.

4. தினக்கூலியில் வேலை பார்க்கும் டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்குப் பணிப் பாதுகாப்பு. சீரான குடிநீர். இந்த இரண்டும் இல்லாமல் கொசு ஒழிப்பு நாடகம்தான்.

5. நோயாளியின் பெயர், தெரு, சாதி, மதம் இவற்றை வெளியிடுகிறவர் மேல் நடவடிக்கை. அதிகாரியாக இருந்தாலும் சரி, நம்ம கட்சிக்காரராக இருந்தாலும் சரி.

அரசிடம் கேட்பது ஐந்து. நம்மிடம் கேட்பது மூன்றே மூன்று. ஊர் பெயரோடு நோய்ச் செய்தி வந்தால், சுகாதாரத் துறை சொன்னதா என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது. பெயர், முகவரி, முகம் இருந்தால் உண்மையாகவே இருந்தாலும் அனுப்பக் கூடாது. தப்பாக அனுப்பிவிட்டால், அழித்துவிட்டு அமைதியாக இருக்காமல், அனுப்பிய அதே குழுவில் திருத்தம் போட வேண்டும். ஐடி விங் என்றால் வேகமாகப் பரப்புவது மட்டும் இல்லை. நிறுத்தத் தெரிந்தவன்தான் நல்ல ஐடி விங்.

அந்த வாய்ஸ் நோட் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அந்த ஊரில் இருக்கிற நம்ம தோழருக்குப் போன் போட்டேன். ரெண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து ரத்தம் எடுத்துப் போயிருக்காங்க, பிள்ளைகள் இப்போது சாப்பிடுகிறார்கள் என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காய்ச்சல் பரவால்ல தம்பி, இன்னைக்குக் காலையில பால் வண்டி ஊருக்குள்ள வரல. அம்பது வீட்டுப் பாலு. யாரோ என்னத்தையோ போன்ல அனுப்பிட்டாங்களாம்" என்றார்.

அனுப்பியது நம்ம குழு என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆறு குழுக்களில் அந்தத் திருத்தம் இப்போது போட்டாச்சு. உங்களுக்கும் அந்த வாய்ஸ் நோட் வந்திருந்தால், எந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அங்கே இந்தப் பதிவைப் போடுங்கள். நாளைக் காலை பால் வண்டி அந்த ஊருக்குள் போகட்டும்.

தோழமையுடன்,
தகவல் தொழில்நுட்ப அணி, மேலப்பாளையம் பகுதி

#சொன்னவரைத்தண்டிக்காதே #வதந்தியைநிறுத்து #மலைக்கும்மருத்துவம்